சரக்கே எரிபொருளாகும் கப்பல்

ஆகஸ்ட் 4, ராஸ் லஃபான், கத்தார்

சரக்கேற்றம் முடிந்தது. 1,38,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள தொட்டிகளில் மைனஸ் 162 டிகிரியில் திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.). காப்புறை எவ்வளவு தடித்திருந்தாலும் வெளிச்சூடு உள்ளே புகத்தான் செய்யும். ஒரு நாளைக்கு 0.15 சதவீதம் ஆவியானால்கூட அது தொண்ணூறு டன்னுக்கு மேல். அடைத்துவைத்தால் அழுத்தம் ஏறும். காற்றில் திறந்துவிடுவதோ பாவம். ஆகவே அதை எரித்தே கப்பலை ஓட்டுகிறோம். எல்.என்.ஜி. கப்பல் என்ஜின்களின் வரலாறு முழுவதும் இந்த ஆவியை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தேடிய விடைகள்தான்.

ஆகஸ்ட் 5, ஓமன் வளைகுடா

முதல் விடை நீராவி. 1964-ல் அல்ஜீரியாவிலிருந்து இங்கிலாந்தின் கேன்வி தீவுக்கு எரிவாயு கொண்டுபோன 'மீத்தேன் பிரின்சஸ்' ஒரு நீராவி டர்பைன் கப்பல். 2004-ல் குஜராத்தின் தஹேஜுக்கு முதல் சரக்கைக் கொண்டுவந்த 'திஷா'வும் அப்படியே. எங்களுடையதும் அந்த இனம்.

இரண்டு பாய்லர்கள். ஐந்நூறு டிகிரியைத் தாண்டிய நீராவி 60 பார் அழுத்தத்தில் டர்பைனுக்குள் பாய்கிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழலும் ரோட்டரின் வேகத்தைக் கியர்கள் தொண்ணூறையொட்டிய சுற்றாகத் தணித்துப் புரொப்பல்லருக்குத் தருகின்றன. என்ஜின் அறைக்குள் வரும் எரிவாயுக் குழாய்க்கு வெளியே இன்னொரு குழாய். நடுவே ஓயாத காற்றோட்டம், வாயு கசிந்தால் மோப்பம் பிடிக்கும் கருவிகள். இந்த இரட்டைச் சுவரை நம்பித்தான் நாங்கள் நெருப்புக்கு அருகே நிம்மதியாக நடமாடுகிறோம்.

ஆகஸ்ட் 6, அரபிக் கடல்

தென்மேற்குப் பருவக்காற்று. கப்பல் உருளும்போது பாய்லர் டிரம்மில் நீர்மட்டமும் ஏறி இறங்குகிறது. மிகத் தாழ்ந்தால் நெருப்பு தானே அணைந்துவிடும். மிக உயர்ந்தால் நீராவியோடு தண்ணீரும் சேர்ந்துபோய் டர்பைன் தகடுகளைச் சிதைக்கும். வாட்ச் முழுக்க என் கண் அந்த மட்டத்தின் மேலேயே. இந்தக் கவனம் கையேடு படித்து வருவதில்லை. மூத்தவர்களின் பக்கத்தில் நின்று பழகியது. நீராவிக் கப்பல்கள் ஒவ்வொன்றாக உடைப்புக்குப் போகும் இக்காலத்தில், இந்தத் தேர்ச்சியை எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆகஸ்ட் 8, தஹேஜுக்கு வெளியே

ஜெட்டிக்காகக் காத்திருக்கிறோம். கப்பல் நின்றாலும் ஆவியாவது நிற்காது. மிஞ்சும் வாயுவை பாய்லரில் எரித்து, நீராவியை நேரே கண்டென்சருக்கு அனுப்புகிறோம். சூடான ரோட்டர் வளைந்துவிடாமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதைச் சற்றே உருட்டிவிடுகிறோம்.

டர்பைன் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய முப்பது சதவீதத்தையே உந்துவிசையாக்கும். எரிவாயுவும் எண்ணெயும் எரிக்கும் புதிய மெதுவேக டீசல் என்ஜின்கள் ஐம்பதை எட்டுகின்றன. இந்தப் போட்டியில் டர்பைன் தோற்றது நியாயமே. ஆனால் பாய்லரின் தீயில் மீத்தேன் அநேகமாக முழுதும் எரிந்துவிடும். எரிவாயுவைக் குறைந்த அழுத்தத்தில் ஏற்கும் புது என்ஜின்களில் ஒரு பகுதி எரியாமலே புகைபோக்கியைத் தாண்டுகிறது. 300 பார் அழுத்தத்தில் பீய்ச்சும் வகையில் இந்த நழுவல் மிகக் குறைவு. நூறாண்டுக் கணக்கில் பார்த்தாலும் மீத்தேன் புவியைச் சூடாக்குவது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல்.

ஆகவே ஒரு என்ஜினை எடைபோட, அது எவ்வளவு எரித்தது என்ற கணக்கு மட்டும் போதாது. எரிக்காமல் எவ்வளவு விட்டது என்பதையும் அளந்து, அதே லாக் புத்தகத்தில் பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும்.