செருப்பைக் கழற்றினால்தான் வெள்ளகவி

வட்டக்கானல் வரைக்கும் வண்டி போகும். அதற்குமேல் நம் கால்தான் வண்டி. டால்பின் நோஸ் பாறையில் செல்ஃபி எடுக்கும் கூட்டத்தைத் தாண்டி, மரவேர்களையே படிகளாக மிதித்து இறங்கிக்கொண்டே இருந்தால் வெள்ளகவி வருகிறது.

சில வருடங்களுக்கு முன்பு அண்ணன் மகனோடு போனேன். கல்லூரி மாணவன், வீடியோ கேம் பைத்தியம். “சித்தப்பா, மேற்குத் தொடர்ச்சி மலையில நான் ஏற்கெனவே ஜீப் ஓட்டியிருக்கேன்” என்றான். 2017-ல் வெளியான ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’ விளையாட்டைச் சொல்கிறான். விநாயகரின் தந்தத்தைத் தேடிப் போகும் கதை. ஹொய்சாளர்களின் பேலூரும் ஹளேபீடும் அதில் மலைக்காட்டுக்குள் பாழடைந்து கிடக்குமாம். நிஜத்தில் இரண்டும் ஹாசன் மாவட்டத்தில் பஸ் போகிற ஊர்கள். பேலூர் சென்னகேசவருக்கு இன்றைக்கும் பூஜை நடக்கிறது. ஆள் இல்லாத ஊர் என்றால்தானே புதையல் தேட முடியும்!

வெள்ளகவியில் ஆள் இருக்கிறார்கள். ஊர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். வீடுகளுக்கு நடுவே கோயில்கள், கோயில்களை ஒட்டி வீடுகள். சாமி இருக்கும் மண்ணில் ஊர்க்காரர்களே செருப்பு போடுவதில்லை. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு கூழாங்கல்லுக்கு நெளிந்தபடி வந்தான் பையன்.

கொடைக்கானலின் வரைபடமே இங்கிருந்துதான் தொடங்கியது என்றதும் நிமிர்ந்து பார்த்தான். 1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற ஆங்கிலேயர் வெள்ளகவியில் தங்கி, மேலே ஏறிப்போய்த்தான் மலையை அளந்தார். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் மேலே வீடு கட்டினார்கள். பிறகு ஏரி, ரோடு, ஓட்டல் எல்லாம் அங்கே வந்தன. வழிகாட்டிய ஊருக்குக் காட்டுப் பாதைதான் மிச்சம்.

அரிசி, பருப்பு குதிரை முதுகில் வரும். காபியும் பழங்களும் அதே முதுகில் போகும். உடம்புக்கு முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிப் போக வேண்டும்.

“கேம்ல ஒரு பட்டனை அமுக்கினா மேப்போட அந்தக் கோடிக்கே போயிடலாம்” என்றான் பையன். காபிப் பழம் காயவைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “ரோடு இல்லாததாலதான் ஊரு அழகா இருக்குன்னு வர்றவங்க எல்லாம் சொல்றீங்க. பிரசவ வலியோட ஒரு தடவை ஏறிப் பாருங்க” என்றார். வரும் வழியெல்லாம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். ரோடு வந்தால் கூடவே ரிசார்ட்டும் வருமே என்ற பயம் எனக்கு இப்போதும் உண்டு. ஆனால் அதைச் சொல்லி ரோடு வேண்டாம் என்பதற்கு, ஒரு நாள் நடந்துவிட்டுப் போகிற எனக்கு உரிமை கிடையாது.

மதியத்துக்குமேல் கும்பக்கரை பக்கமாக இறங்கினோம். இறக்கம் முட்டியைப் பதம்பார்க்கும். கம்பு ஒன்று கையில் இருப்பது நல்லது. போக நினைப்பவர்கள் வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள், காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அருவிக்குப் பக்கத்திலேயே பெரியகுளம். அங்கிருந்து பஸ் இருக்கிறது.