இன்னிக்கு என்ன சமைக்கறது?

திருக்கடையூர்ல சொந்த வீடு வச்சிருக்கறவனுக்கு ஊர் உலகமெல்லாம் சொந்தக்காரங்கதான். எங்கயோ ஓசூர்ல இருக்கற, மூஞ்சியே ஞாபகம் இல்லாத ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு அறுபது முடிஞ்சா நேரா இங்கதான் வருவார். அறுபதுக்கு சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். மார்க்கண்டேயனுக்காக எமனையே எட்டி உதைச்ச சாமி இருக்கற ஊர் இல்லையா, அதனால ஆயுசு சம்பந்தப்பட்ட அத்தனை விசேஷமும் இங்க. அவங்கவங்க நட்சத்திரம் பார்த்துப் பண்றதால ஆடி, மார்கழின்னு லீவு கிடையாது. வருஷம் பூரா கல்யாணம்.

காலையில ஆறு மணிக்கு போன் வரும். "தம்பி, வண்டி செம்பனார்கோயில் தாண்டிருச்சு. ஒரு காபி மட்டும் குடிச்சிட்டு மண்டபத்துக்குப் போயிடறோம்." அந்த 'ஒரு காபி' ஒன்பது பேருக்கு இட்லி, சாம்பார், ரெண்டு சட்னியா எப்படி மாறுதுன்னு எங்க அம்மாவைக் கேட்டாத்தான் தெரியும் :-)

வார சமையல் பட்டியல் போடறதைப் பத்தி நெட்ல ஆயிரம் பேர் எழுதியிருக்காங்க. எல்லாம் ரெண்டு பேர், ஒரு ஃப்ரிட்ஜ், ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட்னு போகும். நம்ம டெல்டா வீட்டுக்கு அது சரிப்படாது. எங்க வீட்டுல ஆறு பேர். அப்பாவுக்கு சுகர். அப்பாயிக்கு பல் இல்லை, செவ்வாய், வெள்ளி, சனி கவிச்சி ஆகாது. தங்கமணி டீச்சர், 7.45 பஸ்ஸைப் பிடிச்சு மயிலாடுதுறை போகணும். மூணு வயசு வாண்டுக்கு வெள்ளையா இருந்தாத்தான் அது சாப்பாடு. அடியேன் வீட்டுலேர்ந்தே ஆணி புடுங்கறவன், அதாவது மூணு வேளையும் வீட்டுச் சாப்பாடு. இந்த ஆறு பேருக்கும் சமைக்கறது அம்மா.

2023 பிப்ரவரி ஆரம்பத்துல, சம்பா அறுவடை நேரத்துல பெய்ஞ்ச மழை டெல்டாக்காரங்க யாருக்கும் மறந்திருக்காது. எங்க ஒன்பது மா நிலத்துலயும் கதிர் சாஞ்சு தண்ணியில கிடந்துச்சு. கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம்னு கணக்கு இருக்கு, எங்க நெல்லைக் கையில எடுத்தாலே ஒட்டும். கிடைச்சது அறுத்த கூலிக்கும் மெஷின் வாடகைக்கும்தான் சரியாப் போச்சு. அடுத்த போகத்துக்கு அம்மாவோட செயின் 65,000 ரூபாய்க்கு அடகுக்குப் போச்சு. வீட்டுக் கடனுக்கு என் சம்பளத்துல பாதி போயிடும். செயினைத் திருப்பறதுக்கு எங்க கைவைக்கறதுன்னு பார்த்தா, மிச்சம் இருந்தது சமையல்கட்டு ஒண்ணுதான்.

அதே சமயம் அம்மா ஒரு நாள் ராத்திரி, சத்தம் போடாம, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே சொன்னாங்க: "எனக்கு சமைக்கறது ஒண்ணும் கஷ்டமில்லடா. நாளைக்கு என்ன சமைக்கறதுன்னு யோசிக்கறதுதான் தலைவலி. முப்பது வருஷமா தினம் மூணு தடவை யோசிக்கறேன். யாரைக் கேட்டாலும் 'ஏதாவது பண்ணு'ம்பீங்க. பண்ணினா 'இதுவா?'ம்பீங்க."

சமைக்கறது வேலைன்னு எல்லாருக்கும் தெரியும். யோசிக்கறது வேலைன்னு யாருக்கும் தெரியறதில்லை. எங்க ஆபீஸ்ல இந்த யோசிக்கற வேலைக்கு தனியா ஆள் வச்சு, என்னைவிட ரெண்டு மடங்கு சம்பளம் கொடுக்கறாங்க.

முதல்ல கணக்கு. ஜிபே ஹிஸ்டரி, பால்காரர் நோட்டு, மளிகைக்கடை சீட்டு எல்லாத்தையும் வச்சு மூணு மாசத்துக்கு சராசரி எடுத்தேன். மாசம் 21,300 ரூபாய். மளிகை 7,200. காய்கறி 4,100. மீன், கறி, முட்டை 3,600. பால் 3,000. கடைசியா வந்ததுதான் ஆச்சரியம், வெளியில வாங்கின டிபன் 3,400! இத்தனைக்கும் அரிசி இதுல வரலை, அது சொந்த நெல்லு. நம்ம பக்கம் சோத்துக்குக் காசு போறதில்லை, சோத்துக்குத் தொட்டுக்கறதுக்குத்தான் போகுது.

டிபன் ஏன் வாங்கறோம்? மாவு இல்லாத நாள், திடீர் விருந்தாளி வந்த நாள், யோசிச்சு அலுத்துப்போய் "போய் நாலு பொட்டலம் புரோட்டா வாங்கிட்டு வா"ன்னு அம்மா சொன்ன நாள். மூணாவது காரணம்தான் பாதிக்கு மேல.

பட்டியலுக்கு மாதிரி எனக்கு நெட்ல கிடைக்கலை, தெரு முனை பள்ளிக்கூடத்துச் சுவத்துல கிடைச்சது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட் 25-ல நாகை மாவட்டம் திருக்குவளையில வச்சு மாநிலம் முழுக்க அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாச்சு. அதுல கிழமைக்கு ஒரு வகை, உப்புமா, கிச்சடி, பொங்கல்னு. அளவும் உண்டு, ஒரு பிள்ளைக்கு ரவையோ அரிசியோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். (திங்கக்கிழமை அரிசி உப்புமாவைத் தூக்கிட்டு பொங்கல் சாம்பார் தர்றதா 2025-ல சட்டசபையில அறிவிச்சாங்க. உப்புமாவை எதிர்த்துத் தமிழ்நாட்டுல ஜெயிச்சவங்க இந்தப் பிள்ளைங்கதான்.)

அதைவிட அழகு மதியச் சத்துணவு. எம்ஜிஆர் 1982 ஜூலை 1-ல ஆரம்பிச்ச திட்டம், 2013-ல ஜெயலலிதா காலத்துல கலவை சாதம் எல்லாம் வந்துச்சு. ஒண்ணாவது, மூணாவது வாரத்துக்கு ஒரு பட்டியல், ரெண்டாவது, நாலாவது வாரத்துக்கு வேற பட்டியல். முட்டை தினமும் உண்டு, ஆனா மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டைன்னு மாத்தி மாத்தி. ஒரே முட்டைதான், மாறுறது மசாலா மட்டும். அதாவது பலசரக்கு வாங்கறதுல வகை தேடாம தாளிக்கறதுல தேடறாங்க. பட்ஜெட் போட்டு லட்சக்கணக்கான பிள்ளைங்களுக்கு சமைக்கறவங்களுக்கு இந்த சூட்சுமம் தெரிஞ்சிருக்கு. அதைத்தான் அப்படியே சுட்டேன்.

ராணிமுத்து காலண்டர்ல கிழிச்ச மாசத் தாளோட பின்பக்கம், 21 கட்டம். அப்பா, "என்னடா மெஸ் மாதிரி?"ன்னார். நியாயமான சந்தேகம். இஞ்சினியரிங் படிச்ச நாலு வருஷமும் செவ்வாக்கிழமை சப்பாத்தியையும் அந்த மஞ்சத் தண்ணி குருமாவையும் திட்டிக்கிட்டே தின்னவன் நான். மெஸ் பட்டியல்ல சாப்பிடறவனுக்கு ஒரு வார்த்தை கிடையாது, அதான் அதோட குறை. அதனால ஆளுக்கு ஒரு கட்டம் உரிமை. அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை மத்தியானம், தங்கமணிக்கு வியாழன் ராத்திரி, வாண்டுக்கு சனிக்கிழமை காலை (தோசை, சக்கரை, வேற என்ன). அப்பாயி மட்டும், "எனக்கு ரசஞ்சோறு போட்டா போதும்டா, கட்டமெல்லாம் நீயே வச்சுக்க"ன்னுட்டாங்க.

முதுகெலும்பு மாவுதான். ஞாயிறும் புதனும் அரைக்கறது. நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து. முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, புளிச்ச மூணாம் நாள் வெங்காய ஊத்தப்பம் இல்லைன்னா குழிப்பணியாரம். இதுலயே ஆறு வேளை ஓடிடும். இட்லிக்கு ரேஷன் புழுங்கரிசின்னு அம்மா சொன்னப்ப அப்பாவுக்கு மூஞ்சி சுருங்குச்சு, "நெல்லு விளைவிக்கறவன் ரேஷன்ல வாங்கறதா?" அம்மா ஒண்ணும் சொல்லாம அடுத்த நாள் அதுல இட்லி ஊத்தி வச்சாங்க. ஆறு இட்லி சாப்பிட்டுட்டு, "எந்த அரிசி இது?"ன்னு கேட்டார். கேள்விக்குப் பதில் இன்னும் சொல்லலை. ரேஷன்ல மாசம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், அதையும் விடறதில்லை இப்ப.

காய் ஞாயித்துக்கிழமை காலையில மயிலாடுதுறை உழவர் சந்தையில. அதிலயும் வரிசை இருக்கு. கீரை, வெண்டைக்காய், அவரை முதல் மூணு நாள். கோஸ், கேரட், கத்திரி நடுவுல. வாழைக்காய், சேனை, பரங்கி, உருளை எல்லாம் கடைசிக்கு, அதுங்க காத்திருக்கும். முன்னாடி நேர்மாறா நடக்கும். வெண்டைக்காய் ஃப்ரிட்ஜ்ல முத்திக் கிடக்க, நாங்க உருளைக்கிழங்கு தின்னுக்கிட்டு இருப்போம்.

மீனுக்கு மட்டும் பட்டியல் போடக்கூடாதுங்கறது என் கட்சி. கட்டத்துல 'மீன்'னு மட்டும்தான் இருக்கும், பேர் இருக்காது. தரங்கம்பாடியில அன்னிக்கு என்ன ஏறுதோ, எது மலிவோ அது. வஞ்சிரம்னு எழுதி வச்சுக்கிட்டுப் போனா பர்ஸ் காலி, மத்தியும் நெத்திலியும் கிடைக்கற நாள்ல ராஜபோகம். ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை, விலை ஏறிடும். அந்த ரெண்டு மாசமும் கட்டத்துல முட்டை, கருவாடு.

ராத்திரி சாப்பாடுதான் உண்மையான சண்டை. அப்பாவுக்குத் தனியா கேழ்வரகு அடை, எங்களுக்கு வேற, வாண்டுக்கு வேறன்னு அம்மா மூணு அடுப்பு எரிச்சுக்கிட்டு இருந்தாங்க. இப்ப திங்களும் வெள்ளியும் எல்லாருக்கும் கேழ்வரகு அடை, செவ்வாய் கோதுமை தோசை. வாண்டு முதல் வாரம் உண்ணாவிரதம் இருந்துச்சு. ரெண்டாவது வாரம் முருங்கைக்கீரையைப் பொறுக்கி எடுத்துட்டு சாப்பிட்டுச்சு. அது போதும்.

அம்மாவுக்கும் தங்கமணிக்கும் நடுவுல சண்டைன்னு ஒண்ணு நான் பார்த்ததில்லை. ஆனா பாத்திரம் பேசும். ராத்திரி தங்கமணி காலை டப்பாவுக்குன்னு பீன்ஸ் நறுக்கி வைப்பா. காலையில, "அத்தை, பீன்ஸ் எங்க?" "அதா, சாம்பார்ல போட்டுட்டேனேம்மா." அவ்வளவுதான். அப்புறம் டம்ளர் வைக்கற சத்தம் ஒரு சுருதி கூட இருக்கும். தாள் மாட்டினதுக்கப்புறம் பீன்ஸ் யாரோடதுங்கறது சுவத்துல இருக்கு. இப்ப ராத்திரி நறுக்கறது அவ, காலையில தாளிக்கறது அம்மா.

21 கட்டத்துல 17-தான் ரொம்பும். ஒண்ணு பழையதுக்கு, மிச்சம் இருக்கற குழம்பையெல்லாம் தீர்க்கற வேளை. ரெண்டு கட்டம் மண்டபத்துக்கு, ஏன்னா இந்த ஊர்ல பத்திரிகை வராத வாரம் கம்மி. பத்திரிகை வந்த அன்னிக்கே தாள்ல குறிச்சுடறோம். முன்னாடி ஆறு பேருக்கு வடிச்சு வச்சுட்டு நாலு பேர் மண்டபத்துல சாப்பிட்டு வர்றதும், சாதம் மாட்டுத் தொட்டிக்குப் போறதும் சகஜம். இன்னொண்ணு 'செம்பனார்கோயில் தாண்டியாச்சு' கட்டம். அதுக்குன்னு அரைக்கிலோ ரவையும் சேமியாவும் தனி டப்பாவுல. யார் வந்தாலும் கிச்சடிதான். இதுவரைக்கும் எந்தச் சித்தப்பாவும் குறை சொல்லலை, முன்னாடி சொன்ன மாதிரி அவங்க முகமே ஞாபகம் இல்லை, சொன்னாலும் கவலையில்லை :-)

ஆறு மாசம் கழிச்சு திரும்பக் கணக்குப் பார்த்தப்ப மாசம் 16,100. வெளி டிபன் 3,400-லேர்ந்து 900. காய் 2,900. மளிகை 6,300. மீன், கறி, முட்டை 3,000. பால் மட்டும் ஒரு பைசா குறையலை, காபி விஷயத்துல இந்த வீட்டுல பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. கேஸ் சிலிண்டர் 24 நாள் வந்துக்கிட்டிருந்தது 29 நாள் வருது. மிச்சமான 5,200-ஐ மாசா மாசம் அடகுல கட்டிக்கிட்டே வந்தோம். 2024 டிசம்பர்ல செயின் வீட்டுக்கு வந்துச்சு. அம்மா போட்டுக்கிட்டு கண்ணாடி பார்த்தாங்க. அப்பா அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் வயல்லேர்ந்து வரலை.

அப்பாயிக்கு இந்தத் தாள்மேல பெரிய மரியாதை கிடையாது. "வாரத்துக்கு எழுதறது என்னடா பெரிய இது? நாங்க வருஷத்துக்கே போடுவோம்"னாங்க. யோசிச்சா நிஜம்தான். சம்பா அறுத்த ஈரத்துல விதைக்கற உளுந்தும் பயறும் பங்குனியில வீட்டுக்கு வரும், காய வச்சு வேப்பிலை போட்டு மூட்டினா வருஷத்துக்கு ஆச்சு. புளியும் மிளகாயும் அந்தச் சமயத்துலதான். சித்திரை வெயில்ல சுண்டக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்கா வத்தல், தாளிப்பு வடகம். அதெல்லாம் எதுக்கு? ஐப்பசி, கார்த்திகையில அடைமழை பெய்ஞ்சு காய் விலை எகிறுறப்ப வத்தக்குழம்பு வைக்க. தாள் கிடையாது, பேனா கிடையாது, எல்லாம் மண்டைக்குள்ளயே. ஆழாக்கு கணக்குல அரிசி போடறதும் அவங்க சொல்லித்தான் திரும்ப ஆரம்பிச்சோம். அம்மா கண்ணளவுல போட்டுக்கிட்டு இருந்தாங்க, தினம் ரெண்டு ஆழாக்கு கூடவே விழுந்துக்கிட்டு இருந்துச்சு.

தாள் எழுதறது இப்ப என் வேலை இல்லை. சனிக்கிழமை ராத்திரி வாண்டு தூங்கினதுக்கப்புறம் அம்மாவும் தங்கமணியும் உக்காந்து எழுதறாங்க. நடுவுல நான் போய், "ஏன் வாரத்துல ரெண்டு தடவை மோர்க்குழம்பு?"ன்னு கேட்டா, "உனக்கு ஆபீஸ் வேலை இல்லையா?"ன்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல கேக்கறாங்க. நேத்து அடிச்ச காத்துல கொல்லையில குலை தள்ளின வாழை ஒண்ணு சாஞ்சிருச்சு. வியாழக்கிழமை மத்தியானம் வாழைப்பூ உசிலியா, தண்டு கூட்டான்னு உள்ள இன்னும் பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. என் ஓட்டு பூவுக்கு. ஆனா ஆயறதுக்கு என்னைக் கூப்பிடுவாங்க, அதான் வாயைத் திறக்கலை.