அப்பா பெயிண்ட் அடித்த சென்னை

கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினால் மூர் மார்க்கெட் நிலையம் வந்துசேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சாலையைக் கடந்து பார்க் டவுனில் பறக்கும் ரயில் பிடித்தால் தென்சென்னை. ஜூன் 20 உலக அகதிகள் நாள். அதையொட்டி வந்த ஞாயிறன்று, கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து பிள்ளைகளையும் சில குடும்பங்களையும் இந்த வழியில்தான் கூட்டிவந்தோம். நூலகம், சிறுவர் பூங்கா, கடற்கரை, இருட்டுவதற்குள் வீடு. திட்டம் அவ்வளவுதான். வேன் வைத்துக்கொள்ளலாம் என்றார் உடன் வந்த ஆசிரியர். பிள்ளைகள் ரயில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள்.

சேப்பாக்கத்தில் ஸ்டேடியம் தெரிகிற பக்கத்துக்குப் பையன்கள் பாய்ந்தார்கள். திருமயிலையும் மந்தைவெளியும் போயின. கிரீன்வேஸ் சாலை தாண்டி அடையாற்றின் மேல் ரயில் போகும்போது, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆற்றைப் பார்க்கவில்லை. தூரத்தில் நின்ற ஓர் அடுக்குமாடியைக் காட்டினான்.

“அக்கா, அது எங்கப்பா பெயிண்ட் அடிச்ச பில்டிங். கயித்துல தொங்கிக்கிட்டே அடிச்சாரு.”

அவ்வளவுதான், ஜன்னலில் போட்டி தொடங்கிவிட்டது. அந்த மஞ்சள் கட்டடம் என் மாமா அடித்தது, அதோ அந்தப் பள்ளிக்கூடம் எங்க அண்ணன் அடித்தது என்று ஆளுக்கொரு சுவரைச் சொந்தம் கொண்டாடினார்கள். தமிழ்நாட்டு முகாம்களில் பெயிண்டர் வேலைக்குப் போகிற ஆண்கள் ஏராளம். பட்டம் வாங்கியவர்களும் அதில் உண்டு. அடையாறிலும் திருவான்மியூரிலும் பளபளக்கிற எத்தனையோ சுவர்களில் அவர்கள் கைபட்டிருக்கிறது. சென்னைக்கு முதன்முதலாக வரும் பிள்ளைகள் என்று நினைத்து நான் வழிகாட்டக் கிளம்பினேன். வழி முழுக்க அவர்கள்தான் எனக்கு ஊரைக் காட்டினார்கள்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது. சிறுவர் பிரிவில் கூரையைத் தொடும் செயற்கை மரம் ஒன்று நிற்கிறது. சின்னப் பிள்ளைகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு, பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தாள். கோணமானியைத் தாளில் பொருத்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, பென்சிலால் புள்ளி வைத்தாள். விளையாட வந்த இடத்தில் வீட்டுப்பாடமா என்று கேட்டேன். “வீட்ல மேசை இல்லக்கா. இங்க கோடு நேரா வருது” என்றாள். பத்துக்குப் பத்து அடியில் ஒரு குடும்பமே சமைத்து, படித்து, தூங்குகிற வீடுகள் பல முகாம்களில் இன்றும் இருக்கின்றன. அவளை நான் பூங்காவுக்கு அவசரப்படுத்தவில்லை.

கிண்டி சிறுவர் பூங்காவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மான், ஊஞ்சல், எலுமிச்சைச் சோறு. மன்னாரிலிருந்து 1990-இல் படகில் வந்த பாட்டி ஒருவர் தேங்காய்ச் சம்பல் கொண்டுவந்திருந்தார். உருளைக்கிழங்கை விட்டுவிட்டு எல்லோரும் அதைத்தான் தொட்டுக்கொண்டோம்.

அந்தப் பாட்டிக்கு இலங்கை ஊர். பேரப்பிள்ளைகளுக்கு? அவர்கள் பிறந்தது கும்மிடிப்பூண்டியில். அவர்களைப் பெற்றவர்களிலும் பலர் இங்கே பிறந்தவர்கள்தான். ஆனால் நம் குடியுரிமைச் சட்டத்தில் 1987 ஜூலை 1 ஒரு கோடு. அதற்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பரிலிருந்து விதி இன்னும் இறுகிவிட்டது. உயிர் பிழைக்க விசா இல்லாமல் படகேறியவர், குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. அந்தப் பெயர் பிள்ளையையும் தொடர்கிறது. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த நளினி கிருபாகரன் உயர்நீதிமன்றம் வரை போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, திருச்சி கொட்டப்பட்டு முகாமிலிருந்து 2024 தேர்தலில் வாக்களித்தார். அந்த 1987 ஜூலைக் கோட்டுக்குப் பின் பிறந்திருந்தால் அவருக்கும் கதவு மூடியிருக்கும். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் குடியுரிமை தர மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை.

மாநில அரசு 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுவதும் அதில் உண்டு. அகதிகள் முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்தப் பிள்ளைகளின் படிப்புக்காக உழைத்துவருகிறது. எல்லாம் மனதார நன்றி சொல்ல வேண்டியவை. குடியுரிமை மட்டும் டெல்லியின் கையில். இரண்டு தலைமுறை காத்திருந்தது போதும் என்றே நான் நினைக்கிறேன்.

பெசன்ட் நகர் கடலில் முதலில் இறங்கியவர் பாட்டிதான். சேலையை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு அலையைக் கூர்ந்து பார்த்தார்.

“இது வேற கடல், பிள்ளை. எங்கட பக்கம் இப்பிடி அடிக்காது, குளம் மாதிரிக் கிடக்கும். இவையளைக் கையை விடாதையுங்கோ.”

உண்மைதான். பாக் நீரிணை வருடத்தின் பெரும்பகுதி அலையின்றிக் கிடக்கும். சென்னைக் கடல் காலை வாரிவிடும். இந்தக் கரையில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930-இல் பிறரைக் காப்பாற்றப் போய் இங்கே மூழ்கிய டென்மார்க்காரர் கார்ல் ஷ்மிட்டுக்காக எழுப்பியது. அவர் யார் என்று பையன்கள் கேட்டார்கள். வெளிநாட்டுக்காரர், நம் ஊரில் இறந்தவர், ஊர் அவரை மறக்கவில்லை என்று சொன்னேன். ஒருவன் வளைவைத் தடவிப் பார்த்து, சுண்ணாம்பு உரிந்திருக்கிறது, பட்டி பார்த்து இரண்டு கோட்டிங் அடிக்கணும் என்றான். அப்பாவின் பிள்ளை.

நான்கு மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. முகாமிலிருந்து வெளியே போனவர்கள் மாலைக்குள் திரும்ப வேண்டும் என்ற வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பஜ்ஜிக் கடைகளில் அப்போதுதான் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சென்னைக் குடும்பங்கள் அதன் பிறகுதான் கடற்கரைக்கு வரத் தொடங்கும். ஒரு சிறுவன் ராட்டினம் எப்போது சுற்றும் என்று கடைக்காரரிடம் கேட்டான். ஆறு மணிக்கு என்றார் அவர்.

அடுத்த முறை இரவு ஒன்பது மணி வரை இருக்க அனுமதி கேட்பதென்று திரும்பும் ரயிலிலேயே முடிவானது. முகாமுக்குப் பொறுப்பான வருவாய்த்துறை அலுவலருக்கு ஒரு மனு, காவல்துறையின் க்யூ பிரிவுக்கு ஒரு நகல். கோணமானிக்காரச் சிறுமியின் கையெழுத்து அழகு என்பதால் மனுவை அவளே எழுதட்டும் என்றார் ஆசிரியர். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் ‘ஐயா’ என்று தொடங்கிவிட்டாள்.