குசினிக்கு முன்னால் ஒரு மேசை

பட்டிப்பொலைக்கு வருவோர் சாப்பிடுவதற்காக வருவதில்லை. இலங்கைப் புகையிரதப் பாதையிலே மிக உயரத்தில் அமைந்த நிலையம் எங்கள் ஊர் நிலையம். கடல் மட்டத்திலிருந்து 6,200 அடிக்கு மேலே இருக்கிறது. அதைப் படம் பிடிக்க வருவோர் சிலர். ஹோட்டன் சமவெளிக்குப் போகும் வழியில், விடியற்காலைக் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு ஒரு பிளேன்டீக்காக நிற்போர் பலர். கடையிலே என்ன உண்டு என்று கேட்டால், ரொட்டி, சம்பல், வடை, இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணீர், அவ்வளவுதான். அந்தக் குளிருக்கு அது அமிர்தம் என்பதில் ஐயமில்லை. இத்தகைய ஊரிலே பிறந்து, அறுபது வயதுவரை அந்த ரொட்டியையும் சம்பலையும் உண்டு வாழ்ந்த நாம், பாரிஸ் மாநகரத்துத் தெருவொன்றிலே பிரெஞ்சுக்காரர் நடுவில் அமர்ந்து இராப்போசனம் அருந்திய கதையை எழுதப் புகுந்தால் வாசகர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அன்று பாதி நேரம் நாமே நகைப்பை அடக்கிக்கொண்டுதான் இருந்தோம். மீதி நேரம் வேறொன்றை அடக்கிக்கொண்டிருந்தோம்.

நம் தங்கை மகன் பாரிஸில் இருக்கிறான். அவன் அங்கே போய்ச் சேர்ந்த விதம் நெடுங்கதை. அது இங்கு வேண்டாம். "ஹோட்டலில் வேலை" என்பதே பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் தொலைபேசியில் சொல்லிவந்தது. அந்த ஒரு வார்த்தையைத் தங்கை ஊரிலே உரமிட்டு வளர்த்தாள். முதலில் ஹோட்டலில் உத்தியோகம் என்றாள். பிறகு சூப்பர்வைசர் என்றாள். நாம் விமானம் ஏறிய வேளையில் அவன் மனேஜர் ஆகிவிட்டிருந்தான். பள்ளிக்கூடத்திலே முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றிப் பாடம் சொன்ன நாம், இது மிகை என்று அறிந்தும் ஒரு முறையேனும் அவளைத் திருத்தவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னர் சொல்வோம்.

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அவன் செலவிலேயே நாமும் இல்லாளும் அங்கு போயிருந்தோம். நம்மவர் கூலிகளாகக் கப்பலேறி வந்து இருநூறு ஆண்டு ஆயிற்று என்று மலையகமெங்கும் பேசிக்கொண்டிருந்த ஆண்டு அது. முதல் ஐந்து நாளும் லா ஷப்பேல் பகுதியைவிட்டு நாம் விலகவில்லை. அங்கே முருங்கைக்காய் உண்டு, கருவேப்பிலை உண்டு, கடைகளுக்கு மேலே தமிழ் எழுத்து உண்டு. வெள்ளவத்தையிலே குளிர் அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. ஆறாம் நாள் இல்லாள் பொறுமை இழந்தாள்.

"நீ வேலை செய்யிற இடத்தைப் பார்க்காமப் போனா உங்கம்மாவுக்கு நாங்க என்னத்தச் சொல்றது?"

அவன் தலையைச் சொறிந்தான். "வாங்க அத்தை. ஆனா அது பெரிய ஹோட்டல் எல்லாம் இல்ல."

பெரிய ஹோட்டல் இல்லைதான். நகரத்தின் கிழக்குப் பாகத்தில், பஸ்தீல் சதுக்கத்துக்கு அப்பால், ஒரு ஒடுங்கிய தெரு. பன்னிரண்டு மேசைகள் கொண்ட ஒரே அறை. இத்தகைய கடைகளைப் 'பிஸ்த்ரோ' என்கிறார்கள். 1814இல் பாரிஸைப் பிடித்த ருஷிய வீரர்கள் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று தம் மொழியிலே உணவுக்கு அவசரப்படுத்திய சொல்லே அக்கடைகளுக்குப் பெயராயிற்று என்று ஒரு கதை சொல்வார்கள். கதை சுவையானது, ஆயினும் 1880களுக்கு முன்னே அந்தச் சொல் அச்சில் காணப்படவில்லை என்பதால் அறிஞர் அதை நம்புவதில்லை. நாமும் நம்பவில்லை. அவசரம் என்பதை அந்த அறையிலே எங்கும் காணோம். துத்தநாகத் தகடு போர்த்திய நீண்ட மேடையருகே இரண்டு கிழவர்கள் நின்றபடி பேசிக்கொண்டிருந்தார்கள். நாம் உண்டு எழுந்து புறப்படும்போதும் அதே கிழவர்கள் அதே இடத்தில் நின்றார்கள்.

அன்றைய உணவு ஒரு கரும்பலகையில் சோக்குக் கட்டியால் எழுதப்பட்டிருந்தது. அதைக் கண்டதும் வகுப்பறைக்குள் வந்தது போன்ற தைரியம் நமக்கு. எழுத்துத்தான் புரியவில்லை! தண்ணீரும் பாணும் கேளாமலே வந்தன, அவற்றுக்குக் காசில்லை. அந்த நீண்ட பாணைச் சுடும் கலையை 2022இல் யுனெஸ்கோ உலகின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அடுத்த ஆண்டே, அதாவது நாம் போயிருந்த ஆண்டிலே, பாரிஸ் நகரில் மிகச் சிறந்த பாண் சுடுபவருக்குரிய பரிசைப் பெற்றவர் இலங்கையிலே பிறந்த தமிழர், தர்ஷன் செல்வராஜா என்பவர். ஓராண்டு காலம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கும் உரிமையும் அப்பரிசோடு சேர்ந்தது. இச்செய்தியை மருமகன் நமக்கு மூன்று முறை சொன்னான். மூன்றாம் முறைதான் அவன் ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்பது நம் மனத்தில் தட்டியது.

அவன் நம்மை இருத்திவிட்டு, பின்புறக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே மறைந்தான். கதவு ஆடிய ஆட்டத்திலே வெள்ளை அங்கியும், பெரிய சட்டியும், நீராவியும் ஒரு கணம் தெரிந்தன. அவன் மனேஜர் அல்லன், குசினிக்காரன். முதல் நான்கு ஆண்டு தட்டுக் கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, பிறகு அடுப்பண்டை வந்தவன்.

குசினி என்பது போர்த்துக்கேயர் நம் நாட்டில் விட்டுச்சென்ற சொல் என்பர். பிரெஞ்சிலும் அதற்கு ஒத்த சொல்லே வழங்குகிறது. அது காதில் விழுந்ததும் இல்லாள் நம் முகத்தைப் பார்த்தாள். நாம் கரும்பலகையைப் பார்த்தோம்.

முதலில் சூப் வந்தது. வெண்மையாக, தடிப்பாக, மேலே இளம்பச்சை நூல்போல ஏதோ தூவியிருந்தது. ஒரு கரண்டி வாயிலிட்டதும் இல்லாள், "ஐயோ, இது நம்ம லீக்ஸு!" என்றாள். ஆம்; லீக்ஸும் உருளைக்கிழங்கும் பாலும், வேறொன்றுமில்லை. பார்மந்தியே என்னும் மருந்தியலாளர் பெயரால் இந்தச் சூப்பை அழைக்கிறார்கள். அவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே பிரஷியரிடம் போர்க்கைதியாகி, சிறையில் உருளைக்கிழங்கு தின்றே உயிர் பிழைத்து, பிறகு அதனை ஏளனம் செய்த தம் நாட்டாருக்கு அதன் அருமையை எடுத்துச் சொன்னவர்.

பட்டிப்பொலையார் ஒருவர் இச்சூப்பை உண்பதிலுள்ள வேடிக்கையை மற்றவர்கள் அறியார். 1848இல் நுவரெலியாவிலே குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், விதையும் மாடும் கொண்டுவந்து எங்கள் மலையிலே தம் தேசத்தை நட்டுப் பார்த்தார். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் நிற்கிறது. லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு, இவையெல்லாம் எங்கள் சரிவுகளில் விளைகின்றன. பக்கத்து அம்பேவலைப் பண்ணையிலே பால் கறக்கிறார்கள். பனியில் விறைத்த விரல்களோடு லீக்ஸைப் பிடுங்கி, மண் போகக் கழுவி, கட்டுக் கட்டி, கொழும்புச் சந்தைக்கு லொறி ஏற்றுவோர் நம்மவரே. ஆனால் பாலில் வெந்த லீக்ஸை நாம் அறுபத்திரண்டாம் வயதில், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் போய்த்தான் சுவைத்தோம். வீட்டிலே விற்காமல் மிஞ்சிய லீக்ஸ் மிளகாய்த்தூளோடு வறையாகும், அதுவும் நல்லதுதான்.

அடுத்து வந்தது கோழி. அதைப்பற்றி நீட்டுவதற்கில்லை, எங்கள் வீட்டு மிளகு போட்ட குழம்புக்கு அது ஈடாகாது. பலகையில் அதன் விலை மாத்திரம் நினைவிருக்கிறது: 18 யூரோ. அன்றைய மாற்றுக்கு ஆறாயிரம் ரூபாவைத் தாண்டும். தோட்டத்தில் அப்போது நாட்சம்பளம் ஆயிரம் ரூபா. இக்கணக்கை இல்லாளிடம் சொல்லாமல் விழுங்கினோம். மாணவருக்கு மதுவிலக்குப் பற்றிக் கட்டுரை எழுதப் பயிற்றிய நாம், சிறு கிண்ணத்தில் வந்த சிவப்பு மதுவையும் தொடாமல் ஒதுக்கிவிட்டோம் என்பதை மாணவர்களாகிய வாசகர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

கூட்டம் குறைந்ததும் கடையின் உரிமைக்காரி எங்கள் மேசைக்கு வந்தார். அறுபது வயதைத் தாண்டிய அம்மையார். மருமகன் இடையில் நின்று மொழிபெயர்த்தான். சுவரின் மேற்புறத்தில் மங்கிப்போன எழுத்தைக் காட்டி, "மதுவும் கரியும்" என்று அதில் எழுதியிருக்கிறது என்றார். அவருடைய பாட்டனார் ஓவேர்ன் என்னும் பிரதேசத்திலிருந்து வந்தவராம். பிரான்சின் நடுவே எரிமலைகள் அவிந்து கிடக்கும் குளிர்ந்த, வறிய நாடு அது; அது அடங்கிய மலைத்தொகுதியின் பெயரைத் தமிழ்ப்படுத்தினால் அதுவும் மத்திய மலைநாடுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அங்கிருந்து பாரிஸுக்கு நடந்து வந்தவர்கள் முதலில் மாடிகளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். பிறகு விறகும் கரியும் சுமந்தார்கள். கரிக்கடையின் ஒரு மூலையில் மனைவிமார் மது ஊற்றிக் கொடுக்கத் தொடங்கினர். குடிக்க வந்தவனுக்குப் பசித்தபோது வீட்டுச் சூப்பில் ஒரு கிண்ணம் கொடுத்தனர். பாரிஸின் சிறு உணவுக்கடைகள் பல இப்படிப் பிறந்தவை. தம் பாட்டனாரின் முதுகு கடைசிவரை நிமிரவில்லை என்று அம்மையார் சொன்னபோது, கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியிலே பதித்த தழும்போடு போய்ச் சேர்ந்த எங்கள் பாட்டியை நினைத்துக்கொண்டோம்.

அம்மையார் எழுந்து போய், தம் கையாலேயே நான்கு சிறு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். நடுங்கும் பொன்னிறக் கட்டி. அதன்மேல் கருக்கிய சீனிப் பாகு. கரமல் புடிங்! நான்காவது தட்டு யாருக்கு என்று பார்த்தோம். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மருமகனுடைய தோளை அழுத்தினார். அவன் மறுத்தான், அங்கியிலே கையைத் துடைத்தான், மற்ற மேசைகளை ஒரு முறை சுற்றிப் பார்த்தான். பின்பு நாற்காலியின் விளிம்பிலே அமர்ந்தான்.

"பன்னிரண்டு வருஷத்தில இந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததில்ல மாமா."

"யாராவது தடுத்தாங்களா?"

"இல்ல. சாயந்தரம் கடை திறக்க முன்னாடி வேலையாளுங்க எல்லாரும் இந்த மேசையிலதான் சாப்பிடுவாங்க. நான் தட்டைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிருவேன். யாரும் போகச் சொல்லல. எனக்குத்தான்..."

அவன் முடிக்கவில்லை. இனியும் மறைப்பதற்கில்லை என்று தோன்றியது.

எங்கள் பாட்டனார், பட்டிப்பொலைக்கு அருகேயுள்ள ஒரு தோட்டத்திலே துரை பங்களாவின் குசினிக்காரர். சூப்பும் ரோஸ்டும் புடிங்கும் அவர் கைக்கு அடங்கியவை. துரையும் விருந்தாளிகளும் உண்ணும்போது அவர் கதவுக்குப் பின்னே நின்று, தட்டு காலியாகும் ஓசைக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். உண்டு முடிந்தபின் குசினியிலே நின்றபடியே உண்பார். அந்த மேசையருகே ஒரு நாளும் அவர் இருந்ததில்லை. வீட்டிலே பாட்டி ரொட்டி தட்டுவாள். புடிங் செய்ய முட்டையும் பாலும் சீனியும் லயத்துக்கு எங்கிருந்து வரும்? அதன் ருசியை அவர் வாயாலே சொல்லிச் சொல்லித்தான் பேரப்பிள்ளைகளாகிய நாம் அறிந்தோம். பள்ளிக்கூடத்தில் 'குசினிக்காரன் பேரன்' என்று பிள்ளைகள் நம்மைக் கேலி செய்தார்கள். ஆசிரியப் பதவி கிடைத்து வேற்றூருக்கு மாறிப் போனதும் நாம் செய்த முதல் காரியம், பாட்டனாரைக் கங்காணி ஆக்கியதுதான். கேட்டவர்களுக்கெல்லாம் அவ்வாறே சொன்னோம். பிறகு வீட்டிலும் அதுவே வழங்கலாயிற்று. தங்கை தன் மகனை மனேஜர் ஆக்கியபோது நாம் எந்த வாயால் திருத்துவது?

இதையெல்லாம் அந்த மேசையிலே சொன்னோம். இல்லாளுக்குக்கூடப் பாதிதான் தெரியும். மருமகன் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"கங்காணித் தாத்தான்னுதானே அம்மா சொல்லுவாங்க?"

"நாம சொல்லிக் கொடுத்ததுதான் அது."

"அப்ப நம்ம வீட்டில நான் முதல் ஆள் இல்லையா மாமா?" என்றான். அவன் சிரித்தான் என்றுதான் நினைக்கிறோம். முகத்தைத் துடைத்துக்கொண்டதால் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை. நாற்காலியிலே சற்றுப் பின்னுக்குச் சாய்ந்தான். பிறகு எழுந்து, அம்மையாரிடம் ஏதோ நீளமாகப் பேசினான். அவர் நம் பக்கம் திரும்பித் தலையசைத்தார். என்ன சொன்னாய் என்று கேட்டதற்கு, "தாத்தா புடிங்குக்கு எத்தனை முட்டை போடுவார்னு உங்கக்கிட்ட கேக்கச் சொல்றாங்க" என்றான். நமக்குத் தெரியவில்லை. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அக்டோபரிலே ஊர் திரும்பினோம். பட்டிப்பொல பனியால் மூடிக் கிடந்தது. தங்கை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன சாப்பிடக் கொடுத்தான் அண்ணே?"

"கிழங்கும் லீக்ஸும்" என்றோம்.

"அதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க!"

அன்று மாலை அடுப்பங்கரையிலே அவளை இருத்தி, உள்ளது உள்ளபடி சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. விறகைத் தள்ளினாள், ஊதினாள். ஊருக்கு என்ன சொல்வது என்று கேட்பாள் என எதிர்பார்த்தோம். அவளோ எழுந்து, பலகைத் தட்டின் மேலிருந்து ஒரு தகரப் பாத்திரத்தை எடுத்து வந்தாள். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் பொறுப்பேற்றபோது பங்களாச் சாமான்கள் நாலாபக்கமும் சிதறின. அப்போது பாட்டனார் கையில் வந்து சேர்ந்த புடிங் அச்சு அது. விளிம்பெல்லாம் நெளிவு நெளிவாக இருக்கும். நெடுங்காலமாக அதிலே தீப்பெட்டியும் நூற்பந்தும் கிடந்தன. தங்கை அவற்றைக் கொட்டிவிட்டு, சாம்பல் போட்டு அதைத் தேய்த்தாள்.

"பாரிஸுக்குப் போற ஆளு யாராச்சும் இருந்தாப் பாருங்க அண்ணே. இதை அவன்கிட்ட சேர்க்கணும்."

இன்னும் ஆள் அகப்படவில்லை. அச்சு, கடதாசியில் சுற்றப்பட்டு, நம் அலுமாரியிலே இருக்கிறது.