புது ஆள்

நண்பர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். பதினொன்றாகியும் ஆளைக் காணோம். குயிலாப்பாளையம் தாண்டி, முந்திரித் தோப்பை ஒட்டி அவர் கட்டும் வீடு இடுப்பு உயரத்துக்கு எழும்பியிருந்தது. அடுக்கி வைத்திருந்த சென்டரிங் பலகைகளின் மேல் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரரின் சிநேகிதன் என்று தெரிந்துவிட்டால், வேலை நடக்கும் இடத்தில் யாரும் நம்மைக் கண்டுகொள்வதில்லை. வேடிக்கை பார்க்க அது வசதி.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஆர்க்கிடெக்ட் அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு வந்தவள் என்பது கையிலிருந்த டேப்பிலும் நோட்டிலும் தெரிந்தது. வெள்ளை ஷூ செம்மண்ணில் நிறம் மாறிவிட்டது. குனிந்து, சுவரில் விரலை வைத்து, உதடு மட்டும் அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பாப்பா எண்ற?" கொத்தனார் கரணையை நிறுத்தாமல் கேட்டார்.

"வரிசைண்ணா. ஒரு அடிக்கு எத்தனை வருதுன்னு பாக்குறேன்."

"இங்க ஒண்ணு வரும், அங்க ஒண்ணு வரும். கல்லு அப்படி."

அவர் சொன்னது சரிதான். அது வழக்கமான செங்கல் அல்ல, அச்சுக்கல். ஏறக்குறைய ஓர் அங்குல கனம். கையால் அச்சிலடித்துச் சூளையில் சுட்டது. ஒன்று லேசாக வளைந்திருக்கிறது, ஒன்றுக்கு ஓரம் மழுங்கிக் கிடக்கிறது. அந்தக் கோணலையெல்லாம் சாந்தின் கனத்தில்தான் சரிக்கட்ட வேண்டும். கொத்தனார் கல்லை எடுக்கிறார், ஒருமுறை புரட்டிப் பார்க்கிறார், எந்த முகம் வெளியே என்று முடிவு செய்கிறார், வைக்கிறார். அந்தப் புரட்டலைத்தான் அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

டீ வந்தது. பெண் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். திரையில் நீளமான செங்கல் சுவர்.

"இது அச்சுக்கல்லு ஆச்சே! எந்த ஊரு?"

"இங்கதாண்ணா, ஆரோவில். அனுபமா குண்டூ மேடம் அவங்களுக்காகக் கட்டிக்கிட்ட வீடு."

புனேயில் பிறந்து, மும்பை ஜே.ஜே. கட்டடக்கலைக் கல்லூரியில் 1989-இல் படிப்பை முடித்து, அடுத்த ஆண்டே ஆரோவிலுக்கு வந்து தொழில் தொடங்கியவர் குண்டூ. சவுக்குக் கம்பும் கீற்றும் கயிறுமாக ஒரு குடிசை போட்டுக்கொண்டு அதில் குடியிருந்தார். படத்திலிருந்த 'வால் ஹவுஸ்' 2000-இல் முடிந்தது. கூரை, சுட்ட மண் குழல்களை வளைவாக அடுக்கியது. புதுச்சேரியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அவர் கட்டிய மண் வீடுகளைப் பற்றியும் அந்தப் பெண் சொன்னாள்: கட்டி முடித்தபின் வீட்டுக்குள்ளேயே செங்கல்லை அடுக்கித் தீ மூட்டி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டெடுத்தது. கொத்தனார் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"வூட்டயேவா?"

"ஆமாண்ணா. அப்புறம் 2012-ல வெனிஸ்ல, இத்தாலியில, பெரிய கண்காட்சி. வால் ஹவுஸை முழு அளவுல அங்க கட்டிக் காட்டினாங்க. இந்தியாவுல இருந்து கைவேலைக்காரங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஸ்டூடன்ட்ஸும் அவங்களோட சேர்ந்து வேலை பார்த்தாங்க."

வளைவுக் கூரையும் கண்காட்சியும் அவரைத் தொடவில்லை. கைவேலைக்காரர்கள் போனது தொட்டுவிட்டது.

"நம்ம ஆளுங்களயா? ஃப்ளைட்லயா?"

"ஃப்ளைட்லதான்."

"சோத்துக்கு இன்னா பண்ணானுங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. எந்தப் புத்தகத்திலும் அது இருக்காது. எனக்கும் அந்த நிமிடத்திலிருந்து அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

"நீ அந்தம்மாகிட்டதான் வேல கத்துக்கிறியா?"

"இல்லண்ணா, நேர்ல பார்த்ததுகூட இல்ல. அவங்க பேச்சைக் கேட்டிருக்கேன், வரைபடத்தைப் பார்த்திருக்கேன். அதுக்காகத்தான் இந்தப் பக்கமா வேலை தேடி வந்தேன்."

ஏகலைவன் கதையை இங்கே இழுக்க எனக்கு மனமில்லை. இந்தப் பெண்ணுக்குக் கட்டைவிரல் தேவை. தனக்குப் பிடித்தவரின் படத்தைத் திரையில் வைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளும் பிள்ளைகள் ஏராளம். இவள் அந்தச் சுவர் எப்படி எழும்பியது என்று பார்க்க, வெயிலில் வந்து வரிசை எண்ணுகிறாள்.

"மாசம் எவ்ளோ குடுக்கறாங்க?"

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கொத்தனார் சித்தாளைத் திரும்பிப் பார்த்தார். "உன் பத்து நாள் கூலிம்மா." சித்தாள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்ணும் சிரித்துவிட்டாள். சிரிக்க வேண்டிய விஷயம் இல்லைதான்.

வேலை மறுபடி தொடங்கியபோது கொத்தனார் கரணையின் பிடியை அவள் பக்கம் நீட்டினார். "எண்ணினது போதும். இந்த வரிசைய நீ வை."

துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டாள். தண்ணீரில் ஊறிய கல்லை எடுத்தாள், புரட்டினாள், இன்னொரு முறையும் புரட்டினாள். சுண்ணாம்புச் சாந்தை அதிகமாக அள்ளிவிட்டாள். அது சுவரில் வழிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது கல்லும் போயிற்று. மூன்றாவதை மட்டும் எடுத்துவிட்டு, நூலைச் சுண்டிக் காட்டினார். நூலில் கல் இடித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. அவள் சாந்தை வழித்துவிட்டு மறுபடி வைத்தாள். இந்தமுறை நூலுக்கும் கல்லுக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம்.

பன்னிரண்டரைக்கு நண்பரின் கார் வந்தது. என்னிடம் மன்னிப்புக் கேட்கும் முன்பே அவர் கண் சுவருக்குப் போய்விட்டது. "யாரு மேஸ்திரி, அந்தப் பொண்ணா கல்லு வைக்குது?"

"ஆமா சார், புது ஆளு" என்றார் கொத்தனார். "கூலிதான் இன்னும் பேசல."