உறைபனி போட்ட வேலி

அவலாஞ்சியில் வண்டியை விட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் சேற்றில் கால் வைத்தது. பச்சைப் புல்தரைதானே என்று நினைத்தேன். முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. "அங்க போகாதீங்க சார்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள எறங்கிட்டீங்க" என்றார் எங்களை அழைத்துவந்த வனக்காவலர். இரண்டு பேர் பிடித்து இழுத்ததில் கால் வந்தது, செருப்பு வரவில்லை. அதைக் காவலர்தான் ஒரு குச்சியால் துழாவி எடுத்தார்.

செருப்போடு வந்த சேறு நல்ல கறுப்பு. விரலில் தேய்த்தால் மண்ணின் நறநறப்பே இல்லை. வடிகட்டியில் மிஞ்சிய காபித்தூள்போல மெத்தென்று இருந்தது, நடுவில் மட்காத வேர்நார் இரண்டு. கழுவ மனமில்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். காரணம், நான் ஊட்டியிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததே ஒருவகையில் இந்தச் சேற்றுக்காகத்தான்.

எதிரே மலை. மேடெல்லாம் புல், மடிப்புகளில் மட்டும் திட்டுத்திட்டாகச் சோலை. இரண்டுக்கும் நடுவே இடைநிலை என்று ஒன்றும் கிடையாது. நாவிதர் கத்தி வைத்ததுபோல ஓர் எல்லை. அந்தப் பக்கம் பாசி படர்ந்த மரங்களின் இருட்டு, இந்தப் பக்கம் இடுப்பளவு புல். இதை முதலில் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்களாம்: "மீதிக் காட்டை யார் சார் வெட்டினது?"

வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. 1938-இல் இதைப் பற்றி ஒரு சண்டையே நடந்திருக்கிறது. புல்வெளி இயற்கையானது, உறைபனிதான் மரத்தை வெளியே வரவிடாமல் தடுக்கிறது என்று எழுதினார் வனத்துறை அதிகாரி சி.ஆர். ரங்கநாதன். இல்லை, தீயும் மேய்ச்சலும் சேர்ந்து காட்டை அழித்ததன் மிச்சம்தான் இது என்றார் வெள்ளைக்கார அதிகாரி என்.எல். போர்.

பதில் சேற்றுக்குள் இருந்தது. இந்தச் சதுப்பில் விழும் செடிகொடிகள், தண்ணீருக்கடியில் காற்றுப் படாததால் முழுதாக மட்குவதில்லை; ஆண்டுக்கணக்கில் அடுக்காகப் படிகின்றன. வெப்பநாட்டுப் புல்லும் மரமும் காற்றிலிருந்து கரியை எடுக்கும் விதம் வேறு வேறு. புல்லில் கனமான கரியணு சற்றுக் கூடுதலாக இருக்கும், மரத்தில் குறைவாக. செடி செத்த பிறகும் அந்த விகிதம் மாறாது. ஆகவே சேற்றை அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்தால், எந்தக் காலத்தில் இங்கே புல் ஓங்கியிருந்தது, எப்போது மரம் ஓங்கியது என்று படித்துவிடலாம்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமாரும் அவருடைய சகாக்களும் நீலகிரிச் சதுப்புகளில் இப்படிப் படித்ததை 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். பனியூழி உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னால் பருவமழை மெலிந்து மலையெங்கும் புல்லின் ஆட்சி. ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன் மழை வலுத்துச் சோலை பரவியது. பிறகு 5,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து மறுபடி வறட்சி, மறுபடி புல். கோடரியோ தீப்பெட்டியோ இல்லாமல் எல்லைக்கோடு தானாக ஏறி இறங்கியிருக்கிறது. ரங்கநாதன் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லை நகரும்போது உயிரினங்களும் சும்மா இருக்கவில்லை. சோலைக்குள் சற்று நேரம் நின்றோம் (அட்டைக்குப் பயந்து காலில் மூக்குப்பொடி தேய்த்திருந்தேன், பலனில்லை). தரையோரம் நீலமாக ஒரு சிறு பறவை தத்தியது. விலாவில் செங்கல் நிறம். இதே குருவியின் பங்காளி பழனி மலையில் இருக்கிறது, அதற்கு விலாவும் நீலம். நடுவில் பாலக்காட்டுக் கணவாய். சோலையை விட்டு வெளியே வராத பறவைக்கு அந்தச் சமவெளி கடல் மாதிரி. பல லட்சம் ஆண்டுகள் இப்படிப் பிரிந்து கிடந்ததில் இரண்டும் தனித்தனி இனமாகிவிட்டன. 2017-இல் இவற்றுக்கு வைத்த பேரினப் பெயர் 'சோலிகோலா'. நம் 'சோலை' லத்தீன் வேடம் போட்டு அறிவியலுக்குள் நுழைந்துவிட்டது.

வரையாட்டின் கதை இதற்கு நேர்மாறு. அதற்குப் புல்வெளிதான் வீடு. இமயமலைத் தார் ஆட்டின் தம்பி என்று வெகுநாள் எண்ணியிருந்தார்கள். 2005-இல் மரபணுவைப் பார்த்தபோது செம்மறிக்கு நெருங்கிய சொந்தம் என்று தெரிந்து, தனிப் பேரினமாக்கினார்கள். அன்று எங்கள் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை.

கண்ணில் பட்டது சீகை மரம்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது. புல்வெளியை அவர்கள் வெற்று நிலம் என்று நினைத்தார்கள். சோலைக் கன்று பனியில் கருகும், சீகைக் கன்று கருகாது. ஆகவே ரங்கநாதன் சொன்ன வேலி அதற்குப் பொருந்தாது. "வெட்டுறோம் சார். வெட்டின இடத்துல விதை மொளைக்குது. திரும்ப வெட்டுறோம்" என்றார் காவலர். அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். நடந்துகொண்டே நாலைந்து கன்றுகளைப் பிடுங்கிப் போட்டார், பழக்கமாகிவிட்டது போலும். மழை பல்லாயிரம் ஆண்டுகளில் நகர்த்திய எல்லைக்கோட்டை இந்த மரம் இருநூறு ஆண்டுகளுக்குள் அழித்துக்கொண்டு வருகிறது. புல்லிலிருந்து சோலை, சோலையிலிருந்து புல் என்ற பழைய மாற்றத்தோடு இதைச் சேர்த்து எண்ண எனக்கு மனம் வரவில்லை.

ஊட்டிக்கு எல்லோரும் மே மாதம்தான் போகிறோம். ஒருமுறை ஜனவரியில் போய்ப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் சோலையும் புல்லும் சேரும் இடத்துக்குப் போய் நில்லுங்கள். புல் முழுக்க வெள்ளையாக உறைந்திருக்கும். இரண்டடி தள்ளி, மரத்தடிச் சருகு ஈரமாக மட்டும் இருக்கும்.