மணலி புதுநகர் வெல்டருக்கு எந்த நாட்டுக் கதவு திறக்கும்?

திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்தால் மணலி புதுநகர். புரட்டாசியில் அய்யா வைகுண்ட தர்மபதி திருவிழாவுக்குத் தலைப்பாகை கட்டிய கூட்டம் வரும். மற்ற நாட்களில் ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பைக்குகள்தான். பக்கத்திலேயே கொசஸ்தலை ஆறு. 2021 நவம்பரில் அந்த வெள்ளம் ஊருக்குள்ளேயே புகுந்தது. 2023 மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத்து எண்ணெய், வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகம்வரை போனது.

இப்படிப்பட்ட ஊரில் 'குடும்பத்தோட வெளிநாடு போயிடலாமா?' என்று தோன்றுவதில் ஆச்சர்யமில்லை. வளைகுடா ஒப்பந்தம் முடிந்தால் வெல்டர் ஊர் திரும்ப வேண்டியதுதான். பி.ஆர். வேண்டும் என்றால் கனடா, ஆஸ்திரேலியா.

கனடாவில் கைத்தொழிலாளருக்கென்றே ஒரு பிரிவு உண்டு. ஆங்கிலத்தில் கெடுபிடி குறைவு. ஆனால், அங்குள்ள முதலாளியின் வேலை உத்தரவாதமோ மாகாணத் தகுதிச் சான்றிதழோ வேண்டும். மணலியில் உட்கார்ந்துகொண்டு இரண்டையும் வாங்குவது லேசல்ல.

ஆஸ்திரேலியக் கணக்கு வேறு. ஐ.டி.ஐ. முடித்த, 32 வயதுக் குடும்பஸ்தர் என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 30, எட்டு வருட அனுபவத்துக்கு 15, படிப்புக்கு 10. மொத்தம் 55. விண்ணப்பிக்கவே 65 வேண்டும்; அழைப்பு வர அதற்கு மேலும் தேவைப்படலாம்.

491 விசா 15 புள்ளி தரும். ஆனால் அது தற்காலிகம். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதிகளில் மூன்று வருடம் வாழ்ந்து, வரிக்கணக்கு காட்டிய பிறகே பி.ஆர். கேட்கலாம். (பெர்த், அடிலெய்டு போகலாம், பயப்பட வேண்டாம்!) 190 விசாவில் நேரடியாக பி.ஆர்.; புள்ளி 5தான். மொத்தம் 60 ஆகும், போதாது.

இங்கேதான் வீட்டம்மா வருகிறார். அவரும் ஆங்கிலத் தேர்வில் தேறினால் இன்னொரு 5. 190-ன் கதவு 65-ல் திறக்கிறது. ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தை மனைவியின் கோச்சிங் வகுப்புக்குக் கட்டுவது புத்திசாலித்தனம். அழைப்பு வருவதற்குள் 33-வது பிறந்தநாள் வந்துவிட்டால் 5 புள்ளி போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அனுபவச் சான்று. ஷட்டவுன் வேலைக்கு ஒரு கான்ட்ராக்டர், அடுத்ததற்கு வேறொருவர், கூலி கையில். சம்பளச் சீட்டு, பி.எஃப். பதிவு, வேலைக் கடிதம் இல்லாவிட்டால் அந்த 15 புள்ளியே ஆட்டம் காணும். பழைய கான்ட்ராக்டர்களின் போன் நம்பர் இருந்தால், இந்த வாரமே கூப்பிட்டுக் கடிதம் கேட்டுவிடலாம்.